நகலுக்கு எதற்குப் பூட்டு

அந்த மருத்துவமனையில் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் யாருமில்லை. பெரிய டாக்டர் முதல் தரை துடைப்பவர் வரை எல்லாருக்கும் அவள் பூட்டக்கா. நோயாளிகளின் விவரங்கள் மொத்தமும் இருக்கும் சர்வரைக் காவல் காப்பது அவள் வேலை. பத்தொன்பது வருடமாக அதைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காத்து வந்தாள். அந்தக் காவல் புத்தி வேலை நேரத்தோடு நிற்கவில்லை. வீட்டுக் கதவைப் பூட்டுவாள், இழுத்துப் பார்ப்பாள், நாலு படி இறங்குவாள், மறுபடி ஏறி இன்னொரு தடவை இழுத்துப் பார்ப்பாள். மூக்குக் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கும் அவள் கணவர், கீழே வண்டியைக் கிளப்பி வைத்துக்கொண்டு நிற்பார்.

"நீ பூட்டினதை நீயே நம்ப மாட்டே. ஊரான் பூட்டினதை எங்க நம்பப் போறே!" என்பார். தினமும் இதையேதான் சொல்வார். அவளும் தினமும் கேட்டுக்கொள்வாள்.

மருத்துவமனையில் இன்னும் மோசம். மாதத்தின் முதல் திங்கட்கிழமை காலையில் ஒரு சுற்று வருவாள். ஒவ்வொரு மேசையிலும் கீபோர்டைத் தூக்கிப் பார்ப்பாள், டிராயரைத் திறக்கச் சொல்வாள், திரைக்குப் பின்னால் எட்டிப் பார்ப்பாள். பாஸ்வேர்ட் எழுதிய சீட்டு எங்காவது ஒட்டியிருந்தால் அந்த ஆளுக்கு அன்று முழுக்க அர்ச்சனை. சீட்டைக் கிழித்துப் போட்டுவிட்டு நிர்வாக அதிகாரிக்கு ஒரு குறிப்பும் எழுதுவாள். அவளிடம் டீ கேட்டால்கூட பாஸ்வேர்ட் சொன்னால்தான் தருவாள் என்று முதுகுக்குப் பின்னால் ஒரு பேச்சு. அது அவள் காதிலும் விழுந்திருக்கிறது. உள்ளூரக் கொஞ்சம் பெருமைதான் பட்டாள்.

அவளிடம் அதிகம் மாட்டிக்கொண்டவள் முதல் மேசைக்காரி. வாசலில் நுழைந்ததும் பெயர் பதியும் மேசை அவளுடையது. கணீரென்ற குரல். கூட்டம் எவ்வளவு இருந்தாலும் கடைசியில் நிற்கும் கிழவரை முதலில் உட்காரச் சொல்லிவிட்டுத்தான் டோக்கன் கிழிப்பாள். மூன்றாவது முறையாக அவள் கீபோர்டுக்கு அடியில் சீட்டு அகப்பட்டபோது அவள் கெஞ்சவில்லை, மல்லுக்கு நின்றாள்.

"அக்கா, பதினாலு எழுத்து. அதுல ஒரு நம்பரு, ஒரு குறி. அதையும் மாசா மாசம் மாத்தணுங்கறீங்க. எதிர்ல நாப்பது பேரு நிக்கிறாங்க. என் வீட்டு நம்பரே எனக்கு ஞாபகம் இல்ல."

"ஞாபகம் வெச்சுக்கத்தான் மண்டை இருக்கு."

"என் மண்டைல நாப்பது பேரோட நோவு இருக்குக்கா."

பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். பூட்டக்காவுக்குச் சுருக்கென்றது. அன்று எழுதிய குறிப்பில் வழக்கத்தைவிட ஒரு வரி கூடுதலாகச் சேர்த்தாள்: 'இவருடைய கவனக்குறைவால் நோயாளிகளின் தகவல்களுக்குப் பெரிய ஆபத்து நேரலாம்.' எழுதி முடித்துப் படித்துப் பார்த்தபோது வாக்கியம் நன்றாக வந்திருக்கிறது என்று ஒரு திருப்தி. அந்தத் திருப்தியை நினைத்து நினைத்துப் பின்னால் அவள் பட்ட பாடு கொஞ்சநஞ்சமில்லை.

ஆபத்து நாலு மாதம் கழித்து வந்தது. நோயாளிகளுக்கு முன்பின் தெரியாத ஆட்களிடமிருந்து போன் வர ஆரம்பித்தது. உங்களுக்கு இன்ன நோய், இத்தனை வருடமாக இருக்கிறது, எங்கள் மருந்தைச் சாப்பிட்டால் பதினைந்து நாளில் தீரும் என்று தேன் ஒழுகப் பேசினார்கள். ஒரு பெண் தனக்கிருந்த தோல் நோயைப் புகுந்த வீட்டுக்குத் தெரியாமல் இங்கே வந்து காட்டிக்கொண்டிருந்தாள். அவளுக்கு வந்த போனை மாமியார் எடுத்துவிட்டார். அந்தப் பெண் மருத்துவமனை வாசலில் வந்து நின்று, "உங்களை நம்பித்தானே சொன்னேன்?" என்று கேட்டாள்.

கூட்டம் போட்டார்கள். நிர்வாக அதிகாரி எதையும் கோப்பில் பார்த்தால்தான் நம்புகிற மனிதர். யாரோ வேண்டாதவர் உள்ளே இருந்துகொண்டு கொடுத்திருக்கிறார் என்று முதலிலேயே முடிவு கட்டியிருந்தார். பூட்டக்கா சர்வரை அலசிப் பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தாள். வெளியாள் நுழைந்த தடம் எதுவுமில்லை. முதல் மேசைக்காரியின் கணக்கிலிருந்து ஒரு நாள் மதிய உணவு நேரத்தில் நீளமான பட்டியல் ஒன்று அச்சடிக்கப்பட்டிருந்தது, அவ்வளவுதான் கண்ணில் பட்டது. யார் கேட்டு எடுத்தாய் என்றால் அவளுக்கு நினைவில்லை. நாளைக்குப் பத்துப் பேர் பட்டியல் கேட்கிற மேசை அது.

அதிகாரி கோப்பைப் புரட்டினார். மூன்று குறிப்புகள் கிடைத்தன. மூன்றாவதன் கடைசி வரியை உரக்கப் படித்தார்.

முதல் மேசைக்காரி திரும்பிப் பூட்டக்காவைப் பார்த்தாள். பிறகு அதிகாரியிடம், "சீட்டு எழுதி வெச்சேன் சார், ஒத்துக்கறேன். ஆனா யாருகிட்டயும் எதையும் குடுக்கல" என்றாள். விசாரணை முடிகிற வரை வீட்டில் இரு என்று சொல்லிவிட்டார்கள். அவள் தண்ணீர் பாட்டிலையும் குடையையும் எடுத்துக்கொண்டு பக்கவாட்டுக் கதவு வழியாகப் போனாள். முன்வாசலில் அவளைத் தெரிந்த நோயாளிகள் உட்கார்ந்திருந்தார்கள்.

அந்த நிமிடம் வரை பூட்டக்கா மனசறிந்து எந்தத் தப்பும் செய்யவில்லை என்பதைச் சொல்லிவிட வேண்டும். அவளும் அந்தப் பெண்தான் காரணம் என்று நம்பினாள். நம்புவதற்கு ஆசையாகவும் இருந்தது.

அன்று சாயங்காலம் எண்ணிக்கையார் போன் செய்தார். இந்த மாதம் எத்தனை காய்ச்சல், எத்தனை பிரசவம் என்று கணக்கெடுத்து மேலிடத்துக்கு அனுப்புகிற புள்ளிவிவரக்காரர் அவர்.

"தங்கச்சி, என் மெஷின்ல ஒண்ணுமே இல்லையேம்மா. விவரம் இருக்கிற டேபிள் எல்லாம் துடைச்சு வெச்ச மாதிரி இருக்கு. ஏதோ இங்கிலீஷ்ல ஒரே ஒரு வரி நிக்குது."

பூட்டக்காவுக்கு அப்போதுதான் அந்த மெஷின் ஞாபகம் வந்தது.

அவர் கணக்கெடுக்கும்போது பெரிய சர்வர் திணறுகிறது என்று, ஒதுக்கிப் போட்ட ஒரு பழைய கம்ப்யூட்டரில் டேட்டாபேஸின் நகல் ஒன்றைப் போட்டு அவருக்கென்று தந்திருந்தாள். மாதம் ஒருமுறை அதுவாகப் புதுப்பித்துக்கொள்ளும். எண்ணுவதற்குப் பெயரும் போன் நம்பரும் தேவையில்லை. அவற்றை நீக்கிவிட்டு நகலெடுக்க அரை நாள் வேலை ஆகும் என்று அப்படியே முழுசாக எடுத்துப் போட்டிருந்தாள். பிறகு எண்ணிக்கையார் குளியலறையில் வழுக்கிக் காலை உடைத்துக்கொண்டார். வீட்டிலிருந்தே வேலை பார்க்க, நகலுக்கு வெளியுலகத்திலிருந்து ஒரு வழி திறந்துவிட்டாள். அவர் வீட்டு இணைய முகவரிக்கு மட்டும் திறந்திருக்கலாம். அது நாளுக்கு ஒன்றாக மாறியதால், எரிச்சலில் எல்லாருக்கும் திறந்துவிட்டாள். இரண்டு வாரத்துக்குத்தானே என்று நினைத்தாள். பாஸ்வேர்டும் அவருக்கு மண்டையில் ஏறவில்லை. அவள் மகளின் பள்ளிக்கூடத்தில் டீச்சர் எதிரில் உட்கார்ந்திருக்கும்போது நாலு தடவை போன் செய்தார். நாலாவது தடவை, "அண்ணே, பெயரும் ரிப்போர்ட், பாஸ்வேர்டும் ரிப்போர்ட். போதுமா?" என்று மாற்றிக் கொடுத்துவிட்டாள். நகல்தானே, நகலுக்கு எதற்குப் பூட்டு என்று அப்போது தோன்றியது நிஜம்.

எண்ணிக்கையார் இரண்டு மாதத்தில் கைத்தடியோடு திரும்பி வந்தார். திறந்த வழி திறந்தபடியே இருந்தது. ஊர் முழுக்க கீபோர்டைத் தூக்கிப் பார்த்தவள் இதை மறந்துபோனாள்.

இப்போது அந்தப் பழைய கம்ப்யூட்டரின் முன்னால் உட்கார்ந்து, யார் எப்போது வந்து தட்டினார்கள் என்று அது எழுதி வைத்திருந்த பதிவைத் திறந்தாள். போன்கள் வர ஆரம்பிப்பதற்குப் பதினொரு நாள் முன்பு முதல் தட்டல். அவளுக்குத் தெரியாத ஒரு முகவரி. ஒரு பெயர், ஒரு பாஸ்வேர்ட், தவறு. இன்னொரு பெயர், தவறு. நொடிக்கு மூன்று நாலு. மனிதக் கை இத்தனை வேகமாக அடிக்காது. உலகத்தில் உள்ள வாசல்களையெல்லாம் வரிசையாகத் தட்டிக்கொண்டே போகிற ஏதோ ஒரு மெஷின் அது. இந்த மருத்துவமனையை அதற்குத் தெரியாது, யார் மேலும் அதற்குக் கோபமில்லை. நாலாயிரத்துச் சொச்சம் தடவை தவறு. அதற்கடுத்த வரியில், ரிப்போர்ட், ரிப்போர்ட், சரி.

பிறகு அவசரமே இல்லை. என்னென்ன டேபிள் இருக்கிறது என்று கேட்டிருந்தது. ஒவ்வொன்றிலும் எத்தனை வரி என்று கேட்டிருந்தது. பதினாலு நிமிடத்தில் மொத்தத்தையும் அள்ளிக்கொண்டது. அந்த ரிப்போர்ட் கணக்குக்குப் படிக்கிற உரிமை மட்டும் இருந்திருந்தால் அதோடு போயிருக்கும். அவளோ அவசரத்தில் எல்லா உரிமையையும் கொடுத்திருந்தாள். அதனால் அழித்துவிட்டும் போயிருந்தது. உங்கள் தகவல் எங்களிடம் இருக்கிறது, பேச வேண்டுமானால் இந்த முகவரிக்கு எழுதவும் என்று ஒரு வரி மிச்சம்.

இந்த வரிசையை அவள் வருடா வருடம் ஊழியர்களுக்குப் பாடமாக எடுத்திருக்கிறாள். தட்டிப் பார்ப்பான், நுழைவான், எண்ணுவான், அள்ளுவான், அழிப்பான். நோயாளியின் பெயரைக் கேட்கும் கட்டத்தில் பெயருக்குப் பதிலாகக் கட்டளையை எழுதி சர்வரை ஏமாற்றுவதும் உண்டு என்று சொல்லிக் கொடுத்து, பெரிய சர்வரில் அதற்கும் அணை போட்டிருந்தாள். அத்தனை அணையும் அந்தப் பக்கம். இந்தப் பக்கம் கதவே இல்லை.

வெளிவழியை அடைத்தாள். பாஸ்வேர்டை மாற்றினாள். அப்புறம் ஒரு நினைப்பு வந்தது. இந்தப் பழைய கம்ப்யூட்டர் மருத்துவமனையின் எந்தப் பட்டியலிலும் கிடையாது. இதைச் சுத்தமாகத் துடைத்துவிட்டால் இது திறந்து கிடந்ததற்கே சாட்சி இல்லை. விரல் கீபோர்டு மேலேயே நின்றது. துடைக்கவில்லை. அதற்காக அவளை நல்லவள் என்று சொல்லிவிட முடியாது. எண்ணிக்கையாரைக் கூப்பிட்டு, "டிஸ்க் கெட்டுப்போச்சு அண்ணே, வேற போட்டுத் தரேன்" என்றாள்.

"பழைய மெஷின்தானே, நம்ம ரெண்டு பேரு மாதிரி" என்று சிரித்துவிட்டு வைத்துவிட்டார் அவர்.

அதன் பிறகு ஒன்பது நாள். அந்த ஒன்பது நாளும் மருத்துவமனையே அவளைத் தூக்கி வைத்துக் கொண்டாடியது. மருந்துக் கடைக்காரர் வழிமறித்து, "நீங்க அன்னைக்கே எழுதினீங்களாமே" என்றார். நர்ஸ்கள் தாங்களாகவே சீட்டுகளைக் கிழித்துக் காட்டினார்கள். பெரிய டாக்டர் நடைக்கூடத்தில் நின்று கும்பிடாத குறையாகத் தலையசைத்தார். ஒவ்வொரு பாராட்டையும் அவள் மென்று முழுங்கினாள். முதல் மேசையில் தற்காலிகமாக உட்கார வைத்த ஆள் ஒரு விரலால் தட்டித் தட்டிப் பெயர் பதிந்தார். வரிசை படிக்கட்டு வரை நீண்டது. முன்வாசல் வழியாக உள்ளே வருவதென்றால் அந்த வரிசையைக் கடந்துதான் வர வேண்டும். அவள் பிணவறைப் பக்கத்து வழியாகச் சுற்றி வந்தாள்.

நாலாம் நாள் முதல் மேசைக்காரியே போன் செய்தாள்.

"அக்கா, கோவிச்சுக்காதீங்க. அன்னைக்கு மண்டை அது இதுன்னு பேசிட்டேன். உங்களுக்குத்தான் கம்ப்யூட்டர் தெரியும். நான் பண்ணலன்னு அதுல எங்கயாச்சும் இருக்குமாக்கா? கொஞ்சம் பாருங்கக்கா."

"பாக்கறேம்மா" என்றாள். போனை வைத்த பிறகு கழிவறைக்குப் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதாள். வெட்கக்கேடாக இருந்தது. அழுதுவிட்டு முகம் கழுவி வந்து உட்கார்ந்தாள், அப்போதும் சொல்லவில்லை.

மறுநாள் காலை வீட்டுக் கதவைப் பூட்டினாள், நேராக இறங்கி வண்டியில் ஏறிக்கொண்டாள். கணவர் கிளப்பவில்லை.

"இழுத்துப் பாக்கல?"

"வேணாம்."

"உடம்பு சரியில்லையா?"

"போங்களேன், நேரமாச்சு."

அவர் வண்டியை நிறுத்திவிட்டுத் தானே மேலே ஏறிப் போய்க் கதவை இழுத்துப் பார்த்துவிட்டு வந்தார். ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அங்கேயே கொட்டியிருப்பாள்.

எட்டாம் நாள், நகலில் யார் யார் விவரம் போனது என்று பெரிய சர்வரின் பழைய சேமிப்பிலிருந்து பட்டியல் எடுத்துப் பார்த்தாள். எதற்கு எடுக்கிறோம் என்று அவளுக்கே தெரியாது. ஏதாவது செய்துகொண்டிருந்தால் போதும் என்றிருந்தது. இரண்டாயிரத்துச் சொச்சம் பெயர். மனநலப் பிரிவுக்கு வந்தபோது தெரிந்த பெயர் ஒன்று கண்ணில் பட்டது. வயதும் முகவரியும் பொருந்தின. முதல் மேசைக்காரி. இரண்டு வருடமாக மாதம் ஒருமுறை. ஒற்றைத் தலைவலி என்று அவள் அரை நாள் விடுப்பு எடுக்கும் நாட்கள். என்ன நோய், என்ன மாத்திரை, எத்தனை வேளை, எல்லாம் அந்த வரியில் இருந்தது. பூட்டக்கா கடைசி வரை படித்துவிட்டாள்.

படித்த உடனே அவளுக்குள் வந்தது இரக்கமில்லை, ஒரு நிம்மதி. இதோ வழி! தன் பெயரையும் தன் நோயையும் யாராவது தாங்களே எடுத்து வெளியே கொடுப்பார்களா? இந்த ஒரு வரியை அதிகாரியிடம் காட்டினால் போதும், அந்தப் பெண் வேலைக்குத் திரும்பிவிடுவாள். எங்கிருந்து போனது என்கிற கேள்வி பிறகு மெதுவாக மறந்துபோகும். இரண்டு பேரும் தப்பிக்கலாம். கடிதம் எழுத ஆரம்பித்தாள். 'மேற்படி ஊழியரும் நமது மனநலப் பிரிவில்' என்பது வரை வந்தாள்.

கை தானாக நின்றது. அந்த மெஷின் அவள் கவனமில்லாத நேரத்தில் எடுத்துக்கொண்டு போனது. இதோ அவள் முழுக் கவனத்தோடு எடுத்துக் கொடுக்கப் பார்க்கிறாள், அதுவும் அந்தப் பெண்ணுக்கு உதவுவதாகச் சொல்லிக்கொண்டு. எழுதியதை அழித்தாள்.

ஒன்பதாம் நாள் காலை பதினோரு மணிக்குப் பழைய கம்ப்யூட்டரின் ஒயர்களைப் பிடுங்கினாள். இரண்டு கையாலும் அதை அணைத்துத் தூக்கிக்கொண்டு, நடைக்கூடத்தில் எல்லாரும் பார்க்க நடந்துபோய், நிர்வாக அதிகாரியின் மேசையில் வைத்தாள். மேலே முப்பத்தெட்டுப் பக்கப் பதிவை வைத்தாள்.

"என்னம்மா இது?"

"ஓட்டை சார். எல்லாம் இது வழியாத்தான் போச்சு. இதை வெச்சது நான், திறந்துவிட்டது நான், மூடாம விட்டது நான். அந்தப் பொண்ணு ஒண்ணும் பண்ணல."

அதிகாரி முப்பத்தெட்டுப் பக்கத்தையும் புரட்டினார். கோப்பு மனிதர் அல்லவா, கடைசியில் தேதிக்குத்தான் வந்தார்.

"இது உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"அந்தப் பொண்ணை அனுப்பின அன்னைக்கு சாயங்காலம்."

"ஒம்பது நாளா?"

"ஒம்பது நாளா சார்."

அவர் கத்துவார் என்று எதிர்பார்த்தாள். கத்தியிருந்தால் தேவலை. மூக்குக் கண்ணாடியைக் கழற்றி அந்தப் பதிவின் மேல் வைத்தார். விஷயம் கேள்விப்பட்டு எண்ணிக்கையார் கைத்தடியை ஊன்றிக்கொண்டு மூச்சிரைக்க வந்து நின்றார். "சார், என் கால் உடைஞ்சதாலதான் எல்லாம். என்னையும் சேத்து எழுதிக்குங்க" என்றார். அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

தன் மூன்று குறிப்புகளையும் கோப்பிலிருந்து எடுத்துவிடுங்கள் என்று கேட்டாள். எழுதினதை எடுக்க முடியாது, வேண்டுமானால் கீழே இன்னொன்று எழுதுங்கள் என்றார் அதிகாரி. எழுதினாள். கவனக்குறைவு, பெரிய ஆபத்து என்று பழைய வார்த்தைகளே வந்து விழுந்தன.

சர்வர் அறைச் சாவியை அன்றே வாங்கிக்கொண்டார்கள். பொறுப்பு வேறொருவருக்குப் போனது, அவள் அவருக்குக் கீழே. விவரம் பறிபோன ஒவ்வொருவருக்கும் நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்க ஆள் வேண்டியிருந்தது. அதை அவளே கேட்டு வாங்கிக்கொண்டாள். ஒரு நாளைக்கு நாற்பது போன். சிலர் வாய்க்கு வந்தபடி ஏசினார்கள். சிலர் பாதியில் வைத்தார்கள். புகுந்த வீட்டில் மாட்டிக்கொண்ட அந்தப் பெண் எடுக்கவே இல்லை.

முதல் மேசைக்காரியை அன்று மதியமே கூப்பிட்டுவிட்டார்கள். மறுநாள் அதே குடையோடு முன்வாசல் வழியாக வந்தாள். பூட்டக்காவை எங்கே பார்த்தாலும் ஒரு தலையசைப்போடு நகர்ந்துகொண்டாள். அவள் பெயரும் பட்டியலில் இருந்தது. அதைப் போனில் சொல்ல பூட்டக்காவுக்கு மனம் வரவில்லை. கடைசிக்குத் தள்ளித் தள்ளி, ஒரு நாள் மதியம் கூட்டம் கரைந்த நேரத்தில் மேசை முன்னால் போய் நின்றாள். வரிசையில் பாக்கி ஒரே ஒரு பெரியவர், அவரும் தூரத்து நாற்காலியில் இருந்தார்.

"உன்னை ஒம்பது நாள் வீட்ல உக்கார வெச்சுட்டேன். மன்னிச்சுக்கோன்னு கேக்கக்கூட எனக்கு வாயில்ல."

"சரி விடுங்கக்கா. கடைசியில சொன்னீங்கல்ல."

"இன்னொண்ணு சொல்லணும். எல்லாருக்கும் சொல்லிட்டு வரேன்." குரலைத் தாழ்த்தினாள். "போன லிஸ்ட்ல உன் பேரும் இருந்துச்சும்மா."

டோக்கன் கட்டைத் தட்டிச் சீராக்கிக்கொண்டிருந்த கை நின்றது.

"பேரு மட்டுமா?"

"இல்ல."

"எந்தப் பிரிவுன்னு?"

"இருந்துச்சு. மாத்திரையும்."

"நீங்க படிச்சீங்களா?"

இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லிவிடலாம். அதைச் சரிபார்க்க உலகத்தில் எந்தப் பதிவும் இல்லை.

"படிச்சேன்" என்றாள் பூட்டக்கா. "நிறுத்தியிருக்கலாம். கடைசி வரைக்கும் படிச்சேன்."

முதல் மேசைக்காரி டோக்கன் கட்டை மேசையில் வைத்தாள். கோபமாகக்கூடப் பேசவில்லை. மற்றவர்களிடம் டோக்கன் எண் சொல்கிற அதே குரலில்தான் சொன்னாள்.

"திருடினவனுக்கு நான் யாருன்னு தெரியாதுக்கா. உங்களுக்குத் தெரியும்."

பிறகு நிமிர்ந்து, தூரத்தில் உட்கார்ந்திருந்த பெரியவரைப் பார்த்து, "அய்யா, அடுத்து நீங்கதான், மெதுவா வாங்க" என்று கூப்பிட்டாள். அவருக்கு வழிவிட பூட்டக்கா நகர்ந்துகொண்டாள்.